ஒரே மருந்துக்கு இரண்டு பெயர்

1

அத்தானுக்கும் சர்க்கரை வந்துவிட்டது. ராஜபாளையத்திலிருந்து போன மாதம் வந்த கடிதத்தில் எழுதியிருந்தார். அத்தான் என் ஒரே அக்கா பாக்கியத்தின் கணவர். அக்கா இறந்து எட்டு வருஷமாகிறது. அத்தான் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகள் செல்வி வீட்டோடு இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவார். அதிலும் முக்கால் பங்கு மழை பெய்ததா இல்லையா என்பதுதான் இருக்கும். இந்தத் தடவை மழையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், உன் அக்காவுக்கு எழுதிய அதே மாத்திரைதான். காலையில் ஒன்று போடுகிறேன். ஆனாலும் மாப்பிள்ளை, நீ உன் அக்காவுக்கு அனுப்பினாயே ஒரு அமெரிக்க மாத்திரை, அதில் ஒரு புட்டி யாரிடமாவது கொடுத்துவிட்டால் தேவலை. இதோடு அதையும் சேர்த்துப் போட்டால் சீக்கிரம் கட்டுப்படும் என்று நினைக்கிறேன். அதைச் சாப்பிட்ட ஒரு மாசமும் அவள் நன்றாகத்தான் இருந்தாள்."

நியூஜெர்சியில் என் வீட்டுத் தபால்பெட்டி பக்கத்தில் நின்றே படித்தேன். படித்ததும் பெருமைப்பட்டேன். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எட்டு வருஷம் கழித்தும் நான் அனுப்பிய மாத்திரையை ஒருவர் நினைவில் வைத்திருக்கிறாரே என்று பெருமைதான் பட்டேன். அனுப்பிவிடுவது என்று அங்கேயே முடிவும் செய்துவிட்டேன். எனக்கும் சர்க்கரை உண்டு. எங்கள் அப்பா எனக்கும் அக்காவுக்கும் விட்டுப்போன ஒரே பிதுரார்ஜிதம் அது. பாகப்பிரிவினையில் சண்டையே வரவில்லை.

2

ஊரில் மருந்து வாங்குவது எவ்வளவு சுலபம் என்பது அங்கே இருக்கிற உங்களுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் போய் நின்று, "அண்ணாச்சி, தலவலிக்கு ரெண்டு குடுங்க" என்றால் முடிந்தது. அட்டையிலிருந்து இரண்டை மட்டும் கத்தரியால் வெட்டிக் கொடுப்பார். பெயர் அச்சடித்த துண்டு பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. வெள்ளை மாத்திரை, ரோஸ் மாத்திரை, சர்க்கரை மாத்திரை என்பதற்கு மேல் ஒரு மாத்திரைக்குப் பெயர் எதற்கு?

இங்கே டாக்டர், இன்சூரன்ஸ் கம்பெனி, மருந்துக்கடை மூன்று தரப்பும் சம்மதித்தால்தான் ஒரு மாத்திரை என் வாய்க்குள் போகும். அத்தானின் கடிதம் வந்த அதே வாரம் இன்சூரன்ஸ்காரர்களிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. இரண்டு பக்கம். இருபது வருஷத்துக்கு மேல் இந்த நாட்டில் மெஷின் மெயின்டெனன்ஸ் வேலை பார்த்து, இவர்கள் பேசுகிற பாஷையிலேயே சண்டையும் போடத் தெரிந்தவன், அதை மூன்று தடவை படித்தேன். சாரம் இதுதான்: நான் வழக்கமாகச் சாப்பிடும் கம்பெனி மாத்திரைக்கு இனி அவர்கள் காசு தர மாட்டார்கள். அதற்குப் பதிலாக 'ஜெனரிக்' மருந்து கொடுக்கப்படும்.

சனிக்கிழமை மருந்துக்கடைக்குப் போனேன். வழக்கமாக நீல மாத்திரை. இந்தத் தடவை புட்டிக்குள் பச்சையாக ஏதோ கிடந்தது. கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது.

"எனக்கு டூப்ளிகேட் வேண்டாம்" என்றேன் இங்கிலீஷில்.

அவள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். "இல்லையே சார். ஒரு தடவைதான் கொடுத்திருக்கிறோம். இரண்டாவது தடவை பதிவாகவில்லை" என்றாள்.

நான் மறுபடியும் "டூப்ளிகேட், டூப்ளிகேட்" என்று புட்டியைத் தட்டிக் காட்டினேன். அவள் மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். நம்மூரில் டூப்ளிகேட் என்றால் போலி. இங்கே அதற்கு இரண்டாவது பிரதி என்றுதான் அர்த்தம் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற கிழவர் தொண்டையைச் செருமினார்.

அவளுக்குப் பொறுமை ஜாஸ்தி. போலி என்று நான் பயப்படுவது புரிந்ததும், ஒரு காகிதத்தை எடுத்து எழுதிக் காட்டியே விளக்கினாள். ஒரு மருந்தை முதலில் கண்டுபிடித்த கம்பெனிக்குச் சில காலம் தனி உரிமை இருக்கும். அது முடிந்ததும் மற்ற கம்பெனிகளும் அதே மருந்தை, அதே அளவில் செய்யலாம். அரசாங்கம் பரிசோதித்துத்தான் அனுமதிக்கும். நிறம், வடிவம், கம்பெனி வைத்த பெயர் எல்லாம் மாறும். உள்ளே வேலை செய்கிற மருந்து அதேதான். அதற்கென்று ஒரு பொதுப்பெயர் உண்டு. அந்தப் பெயரைத்தான் நோயாளி தெரிந்து வைத்திருக்க வேண்டும், நிறத்தை அல்ல.

சமாதானமாகிப் புட்டியை எடுத்தேன். அப்போது அவள் கேட்டாள். "நீங்கள் இந்தியாவா சார்? அங்கிருந்து சர்க்கரைக்கு வேறு மாத்திரை கொண்டுவந்து சாப்பிடுகிறீர்களா?"

"இல்லை. ஏன்?"

"இதற்கு இங்கே பெயர் கிளைபுரைடு. உங்கள் ஊரில் இதே மருந்துக்கு கிளிபென்க்ளமைடு என்று பெயர். பொதுப்பெயரே நாட்டுக்கு நாடு வேறு. அது தெரியாமல் சிலர் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். மிகவும் ஆபத்து."

எனக்கு அந்த வார்த்தை தெரியும். கிளிபென்க்ளமைடு. செல்வியின் கையெழுத்தில் பார்த்திருக்கிறேன். காரில் ஏறி உட்கார்ந்தும் சாவியைப் போடவில்லை. புட்டி மேல் இருந்த பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தேன்.

3

அந்தப் புட்டி ஊருக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும்.

எட்டு வருஷத்துக்கு முன்பு எனக்கு மருந்து தபாலில் வந்துகொண்டிருந்தது. ஒரு தடவை ஒரே மருந்தை இரண்டு முறை அனுப்பிவிட்டார்கள். போன் செய்தேன். எட்டு பேர் மாறி மாறிப் பேசினார்கள். ஒன்பதாவது ஆள், வெளியே போன மருந்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள விதி இல்லை, தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றான். ஒரு முழுப் புட்டி மருந்தைக் குப்பையில் போடு என்று ராஜபாளையத்துக்காரனிடம் சொல்லலாமா? அந்த வருஷம்தான் அக்காவுக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்திருந்தார்கள். எனக்குச் சர்க்கரை, அவளுக்கும் சர்க்கரை. எனக்குக் கேட்கிற மாத்திரை அவளுக்குக் கேட்காதா? நான் டாக்டருக்குப் படித்தவன் இல்லை. படிக்காததால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சிவகாசிக்குப் போகிற ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டேன். புட்டி மேல் என் பெயர் ஒட்டியிருந்தது. அடுத்தவர் பெயரில் இருக்கிற மருந்தைக் கொண்டு போனால் கஸ்டம்ஸில் பிடிப்பார்கள் என்று அவர் பயந்தார். வெந்நீரில் ஊறவைத்து லேபிளைச் சுரண்டி எடுத்தேன். மருந்தின் பெயரும், எப்படிச் சாப்பிட வேண்டும் என்கிற எச்சரிக்கையும் அதோடு போயின. ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதி உள்ளே போட்டேன்: "சர்க்கரை மாத்திரை. காலையில் ஒன்று."

நாலே நாலு வார்த்தை. ஊரில் கொடுக்கிற மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாப்பிடு என்று எழுதவில்லை. டாக்டரிடம் காட்டிக் கேள் என்று எழுதவில்லை. என்ன மருந்து என்றுகூட எழுதவில்லை.

4

அக்கா கடிதம் எழுத மாட்டாள். கேசட்டில் பேசி அனுப்புவாள். புட்டி போய்ச் சேர்ந்து மூன்று வாரம் கழித்து ஒன்று வந்தது. மருந்துக்கடையிலிருந்து வந்த அன்று மத்தியானம் அதைத் தேடி எடுத்துப் போட்டேன். இடையிடையே பக்கத்து வீட்டுப் பவர்லூம் சத்தம் கேட்கிறது. அதற்கு மேல் குரலை உயர்த்திப் பேசுகிறாள்.

"ஏலே மூர்த்தி, நீ குடுத்துவிட்ட மாத்திர வந்துச்சுப்பா. காலையில டாக்டர் குடுத்த வெள்ளையில ஒண்ணு, ஒன் நீலத்துல ஒண்ணு, ரெண்டையும் போட்டுக்கிடுதேன். டாக்டர்ட்ட சொல்லல. சொன்னா, ஏன் நம்ம மருந்து மேல நம்பிக்கை இல்லையான்னு கோவிச்சுக்கிடுவாரு. ஒன் மருந்து நல்லா கேக்குதுலே. போட்ட செத்த நேரத்துல கையி வெடவெடங்குது, வேர்த்து ஊத்துது. ஒரு வாய் சோறு தின்னா சரியாப் போவுது. சக்கர எறங்குறது அப்பிடித்தான் தெரியுமாம்லா, மேலத்தெரு மதினி சொன்னாக. எம்புட்டு வெல இருக்கும் அந்த மாத்திர? ஒனக்கு எதுக்குலே வீண் செலவு."

இதை அப்போதும் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, பத்துத் தடவையாவது. அவள் உடம்பு வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதைத்தான், மருந்து கேட்கிறது என்று அவள் சொன்னாள். நானும் அப்படியே நம்பினேன். காதில் விழுந்ததெல்லாம் வீண் செலவு என்று அவள் என்னைச் செல்லமாகத் திட்டியது மட்டும்தான்.

5

அவள் விழுந்தது அந்த வருஷத்து ஆடிப்பூரத்தன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில், தேர் பார்க்கப் போன இடத்தில். நடந்ததை ஒரு மாதம் கழித்துச் செல்வி எழுதியிருந்தாள்.

அக்கா வருஷா வருஷம் தேர் பார்க்கிறவரைக்கும் பச்சைத் தண்ணீரோடு இருப்பாள். ஆனால் மாத்திரை போடுவாள். மாத்திரை சாப்பாடு இல்லை, அதனால் விரதம் கெடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். யார் போட்ட சட்டமோ தெரியாது. சர்க்கரைக்குப் போடுகிற இந்த மாத்திரைக்கு அது ஆகாது. வயிற்றில் சோறு இல்லாவிட்டாலும் அது பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். அன்று விடியற்காலை இரண்டு மாத்திரையையும் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு, அத்தானோடும் செல்வியோடும் பஸ் ஏறியிருக்கிறாள்.

ரத வீதியில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. தேர் நகர்ந்த சமயம் அக்காவுக்கு உடம்பு ஆட ஆரம்பித்தது. வேர்வையில் சேலை நனைந்துவிட்டது. கொண்டை அவிழ்ந்துவிட்டது. சம்பந்தம் இல்லாமல் ஏதோ பேசினாள். பக்கத்தில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். சாமி வந்திருக்கிறது என்றார்கள். ஒருத்தி, மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று அக்காவிடம் குறி கேட்டாளாம். அத்தானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். துளசித் தண்ணீரைக் கொண்டுவந்து தெளித்தார்கள். சாமி மலையேறட்டும் என்று காத்திருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார்கள்.

பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கிருந்து மதுரை. பதினோரு நாள் கண் திறக்கவில்லை. "சர்க்கரை மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார் மாமா" என்று செல்வி எழுதியிருந்தாள். அவர் இறங்கிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார். நம்மவர்களுக்குச் சர்க்கரை என்றால் ஏறுகிற பொருள்தான். அது இறங்கியும் ஆளைக் கொல்லும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, என்னையும் சேர்த்து.

அந்தக் கடிதத்தின் கடைசியில் நான் கேட்டபடி அக்கா சாப்பிட்ட மருந்தின் பெயரை, டாக்டர் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக இங்கிலீஷில் எழுதியிருந்தாள். இங்கே ஒரு டாக்டரிடம் காட்டி விசாரிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியதுதான். காட்டவில்லை. காட்டினால் அக்கா திரும்பியா வரப்போகிறாள் என்று அலமாரியில் வைத்துவிட்டேன்.

சாவுக்கும் நான் போகவில்லை. அப்போது இங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான என் பச்சை அட்டை மனு பாதியில் நின்றது. அனுமதிக் காகிதம் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனால் மனுவைக் கைவிட்டதாக ஆகிவிடும் என்று வக்கீல் சொன்னார். அவசர அனுமதிக்கு எழுதினேன். இறந்தவர் உங்களுக்கு உடன்பிறந்தவர் என்பதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டார்கள். எங்கள் இருவர் பிறப்பையும் எந்த அலுவலகத்திலும் யாரும் பதிந்திருக்கவில்லை. அங்கே காகிதம் தேடி, இங்கே கொண்டுவந்து கொடுத்து, அனுமதி கையில் கிடைத்தது பதினாறாம் நாள் காரியம் நடந்த அன்று.

6

என் மகளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் வேறு மாநிலத்தில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். நான் தமிழில் பேசுவேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். இருபது வருஷமாக எங்கள் வீட்டு ஏற்பாடு அது.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "அப்பா, புட்டியோடு ஒரு காகிதம் வைத்துக் கொடுப்பார்களே, படித்ததே இல்லையா?" என்றாள்.

படித்ததில்லை. ஒவ்வொரு மாதமும் மருந்தோடு அந்தக் காகிதம் வந்துகொண்டுதான் இருந்தது. வேறு மருந்தோடு சேர்க்காதே, சாப்பாட்டைத் தவறவிடாதே, உனக்கு எழுதியதை இன்னொருவருக்குக் கொடுக்காதே என்று பொடி எழுத்தில் அதில் எல்லாம் இருந்தது. நான் அதை மடித்து, ஆடுகிற சாப்பாட்டு மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன்.

"உங்க சிஸ்டருக்கு நடந்ததற்கு ஐ ஆம் சாரி, அப்பா" என்றாள் கடைசியில்.

உங்க சிஸ்டர். பிறந்தபோது இவளுக்குக் காப்பு செய்து அனுப்பியவள் அவள். அத்தை என்று சொல்லடி என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நேரில் இரண்டே தடவை பார்த்த ஒருத்தியை அந்த முறை சொல்லிக் கூப்பிட அவளுக்கு என்ன இருக்கிறது? மேலும், இப்போது சண்டை அவளோடு இல்லை. அத்தானோடு பேச வேண்டும். அவர் ஏற்கெனவே காலையில் ஒன்று போடுகிறார். நான் அனுப்பாவிட்டால் வேறு யாரிடமாவது சொல்லி இன்னொன்று வாங்கிச் சேர்த்துப் போடுவார். சும்மா வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை. மாத்திரை அனுப்பக் கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொள்வார். ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் அக்கா எப்படிச் செத்தாள் என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன்.

7

செல்வி வீட்டுக்கு எதிரில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருக்கிறது. அங்கே கூப்பிட்டால் அழைத்துவருவார்கள். போன சனிக்கிழமை எனக்குக் காலை, அவர்களுக்குச் சாயங்காலம், அத்தான் வந்து பேசினார்.

"சொல்லு மாப்ளே. மாத்திர குடுத்துவிட்டியா?"

"இல்லத்தான். அனுப்ப மாட்டேன். நீங்க இப்ப போடுறீகளே, அதுவும் நான் அனுப்புனதும் ஒரே மருந்து. பேருதான் வேற. ரெண்டையும் சேத்துப் போடக் கூடாது."

"உன் அக்கா போட்டாளே."

"அதான் அத்தான். அதுனாலதான் போயிட்டா. நான் அனுப்புனதுனாலதான்."

வீதியில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது போனில் கேட்டது. இரண்டு மாத்திரை, வெறும் வயிறு, பெயரைச் சுரண்டியது எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"அப்ப அன்னைக்கு அவளுக்குச் சக்கர ஏறலையா?" என்று கேட்டார்.

"இல்லத்தான். எறங்கிருச்சு."

"எறங்குனா என்ன செய்யணும்?"

அந்தக் கேள்வியில் நான் நிதானித்திருக்க வேண்டும். ஒரு வாரமாகப் படித்து வைத்திருந்ததைப் பாடம் ஒப்பிக்கிறவன் மாதிரி ஒப்பித்தேன். "கை நடுங்கும், வேர்க்கும், பேச்சுக் கொழறும். முழுங்குற நெலமையில இருந்தா ஒடனே இனிப்புக் குடுக்கணும். சீனித் தண்ணி, மிட்டாய், எதுனாலும். முழுங்க முடியலைன்னா வாயில ஒண்ணும் வைக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்."

லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை அலோ சொன்னேன்.

"தேர் பாக்க வந்த ஒரு பொம்பள கையில பால்கோவா பொட்டலம் வச்சிருந்துச்சு மாப்ளே" என்றார். "வெறும் வயித்தோட ஆடுதாக, இதச் செத்த வாயில வைங்கன்னு பிரிச்சு, உன் அக்கா வாய்கிட்டக் கொண்டு போச்சு. அவளும் வாயத் தொறந்தா. நாந்தான் அந்தக் கையத் தட்டிவிட்டேன். சக்கரக்காரிக்கு இனிப்பக் குடுத்துக் கொல்லப் பாக்கியான்னு அது மேல சத்தம் போட்டேன்."

"தெரியாம செஞ்சதுதான, அத்தான்."

"அம்புட்டும் கீழ கொட்டிப்போச்சு" என்றார். "சரி மாப்ளே, வைக்கேன். நான் இனிமே ஒத்த மாத்திரதான் போடுவேன்."

எட்டு வருஷம் அவர் மனைவியைச் சாமி கொண்டுபோனது என்று இருந்தார். அதில் ஒரு நிம்மதி இருந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நான் எதையும் வைக்கவில்லை.

8

நேற்று மறுபடியும் பூத்துக்குப் போன் செய்தேன். செல்விதான் வந்தாள்.

"அப்பா வரலைன்னுட்டாக மாமா. மாத்திரைய ஒழுங்காப் போடுறாக. சாப்பாடுதான் எறங்க மாட்டேங்குது."

சாப்பிடாமல் அந்த மாத்திரையைப் போடவே கூடாது, இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, சாப்பிடுவதில்லை என்று அவரிடம் சொல், வீட்டில் சீனியைக் கைக்கெட்டுகிற இடத்தில் வை என்று கத்தினேன்.

"கூட்டிட்டுப் போறேன் மாமா. ஆனா நான் சொன்னா எங்க கேக்காக? தட்டுல சோத்தப் போட்டு வச்சா, அதப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காக. அன்னைக்குப் போன் பேசிட்டு வந்ததுல இருந்து இப்பிடித்தான். அப்பாகிட்ட நீங்க என்னதான் சொன்னீக?"

மருந்தைப் பற்றித்தான் என்றேன்.